நான் எழுதிக் கொடுத்த சாட்சி

எங்கள் சபையில் உதவி வாங்கியவர்கள் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையேறி, தங்கள் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அப்படி எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஆனால் தப்பித்தவர் யாரும் இல்லை. ஆராதனை முடிந்து, கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடும்போது நாங்கள் அந்தச் சாட்சிக்கு மார்க் போடுவோம். அழ வைத்தால் நல்ல சாட்சி. சப்பென்று இருந்தால், "அடுத்த மாசம் இவருக்கு அரிசி கொஞ்சம் குறையும் லா" என்று நான் கேலி செய்வேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் சபை. நான் கிள்ளான்காரி, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. உதவிக் குழு என் பொறுப்பில் இருந்தது. கட்டுரை திருத்தியே பழகிப்போன கையில் ஏழைகளை ஒப்படைத்தது யாருடைய புத்தியோ தெரியவில்லை.

கிள்ளானில் என் வீட்டுப் பக்கம், பண்டமாரானில் ஒரு லோரி ஓட்டுநரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். துறைமுகத்தில் கண்டெய்னர் இறக்கும்போது கால் நசுங்கி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவி துப்புரவு வேலைக்குப் போய்த்தான் அடுப்பு எரிந்தது. நான் கொண்டுபோன அரிசி மூட்டையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அரிசி வேணாங்க்கா. உக்காந்து செய்யற மாதிரி ஒரு வேலை இருந்தா சொல்லுங்க. சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிரும்" என்றார்.

எங்கள் சபையில் மூன்றாவது வரிசையில் உட்காருபவர் ஒரு சரக்குக் கிடங்கின் மேலாளர். அவரிடம் கேட்டேன். கிடங்கு வாசல் கேட்டில் உட்கார்ந்து லோரிகளின் பேப்பர் பார்க்க ஆள் வேண்டும், லோரி தெரிந்தவராக இருந்தால் நல்லது, அடுத்த மாதமே வரட்டும் என்றார். அதே வாரம் சக்கர நாற்காலி ஒன்றும் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் என்னைப் போல் கருணையுள்ளவள் யார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாட்சி சொல்ல வேண்டும் என்றதும் அவரே ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கால் போனது, நாற்காலி கொடுத்தார்கள், வேலையும் கிடைக்கப் போகிறது, நன்றி. நான்கே வரி. தொடக்கம் இல்லை, திருப்பம் இல்லை. பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். 'குடித்துவிட்டு லோரி ஓட்டிய பாவி நான்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதி நீட்டினேன்.

"அக்கா, நான் குடிக்கிறதில்லையே."

"ஒருநாள்கூடவா குடிச்சதில்ல?"

"கல்யாணத்துக்கு முன்னால, ஒரு தீபாவளிக்கு ஒரு பீர்."

"அப்புறம் என்ன? இருட்டைச் சொன்னாத்தான் தம்பி வெளிச்சம் தெரியும்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சக்கர நாற்காலியைப் பார்த்தார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். படிங்க" என்றார். வாங்கிய கை மறுக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தாளை நீட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு இளைஞர்கள் அவரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அதுவே பாதிச் சாட்சி. குடி என்ற சொல் வந்த இடத்தில் அவருடைய குரல் இறங்கியது. வெட்கத்தில் இறங்கிய குரலைச் சபை மனந்திரும்புதல் என்று எடுத்துக்கொண்டு அல்லேலூயா சொன்னது. பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்தார். நான் எழுதியதிலேயே முழு மார்க் வாங்கிய கட்டுரை அதுதான்.

கீழே இறங்கும்போது மேலாளர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"சிஸ்டர், குடிச்சிட்டு ஓட்டின ஆளுன்னு நீங்க சொல்லவே இல்லையே. மன்னிக்கிறது எல்லாம் சரி. ஆனா அவரைக் கேட்டுல வைக்க முடியாது லா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் வேலை போயிரும்."

அது நான் எழுதியது என்று சொன்னால் போதும். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றிருப்பார். ஆனால் பின்னாலேயே பாஸ்டரம்மா என்னைப் பாராட்டக் கையை நீட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். "புரியுது பிரதர்" என்றேன். என் மானத்துக்குப் பயந்து இன்னொருவரின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். இதை அழகாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை நான் பண்டமாரானுக்குப் போனபோது அவருக்குத் தகவல் வந்துவிட்டிருந்தது.

"குடிகாரனுக்கு வேலை இல்லைன்னுட்டாங்கக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாரு. நீங்க டீச்சர்."

"சொல்றேன் தம்பி."

மூன்று ஞாயிறு அந்த மேலாளருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து பாடினேன். அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே பாடினேன். வாய் திறந்தது பாட்டுக்குத்தான். சொன்னால், இதற்கு முன் வந்த சாட்சிகளில் எத்தனையை நான் திருத்தினேன் என்று கேட்பார்கள். கொஞ்சநஞ்சம் இல்லை.

நான்காவது சனிக்கிழமை மைலோ, பால்மாவு, சார்டின் டின் என்று வழக்கத்தைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு போனேன். அவர் பையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"பேசினேன் தம்பி. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அவரு மனசு இறங்கல" என்றேன்.

 அவருக்குக் கண் கலங்கியது. நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"வேலை போனா போகுதுக்கா. எங்களுக்காகப் போயி ஒருத்தர்கிட்ட கெஞ்சியிருக்கீங்க. கூடப் பொறந்தவகூட செய்ய மாட்டா. ஞாயித்துக்கிழமை இதை மேடையில சொல்றேன். இதை யாரும் எழுதித் தர வேணாம், நானே சொல்வேன்."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மேலாளர் அதைக் கேட்பது என் கண்முன் வந்தது.

"அதெல்லாம் வேணாம் தம்பி. வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரியக்கூடாது."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா, பேருகூட வேணாங்கிறாங்க" என்றார்.

அந்தப் பெண் உள்ளே போய், நான் கொண்டுபோயிருந்த பால்மாவைப் பிரித்து எனக்கு ஒரு கோப்பி கலக்கிக் கொண்டுவந்தார். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.