சோபா ஊட்டுச் சொந்தம்

போன வாரம் காந்திபுரத்தில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் புத்தம்புது சோபா. சாய்ந்ததுதான் தாமதம், முதுகுப் பக்கம் இருந்த பட்டன் ஒன்று கையோடு வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் நைசாக இடுக்கில் செருகியிருப்பார்கள். நான் பல்வலியை மறந்து அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் வளையமே இல்லை, வெறும் பசை! எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அந்தப் பசை வாசனை என்னை நேரே சூலூருக்குக் கொண்டுபோய்விட்டது. கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு சோபா கம்பெனியில் வேலை பார்த்தேன். சோபா முதுகைக் குழிகுழியாக அமுக்கிப் பிடித்திருக்குமே, துணி போர்த்திய பட்டன், அது செய்கிற வேலை. தகர மூடிமேல் வட்டத் துணியைப் போர்த்தி, ஓரத்தை உள்ளே மடக்கி, வளையம் வைத்த அடித்தட்டைக் கைப்பிரஸ்ஸில் அமுக்க வேண்டும். ஒரே மேசை. இந்தப் பக்கம் நான், எதிரே சாந்தாமணி. வாய் ஓயாது, கையும் ஓயாது.

ஒருநாள் கல்யாண மண்டபத்து மேடை சோபா ஒன்று திரும்பி வந்தது. மெரூன் வெல்வெட். ஒரே முகூர்த்த சீசனில் பாதிப் பட்டன் காணோம்.

முதலாளி கத்தவில்லை. "இன்னொருக்கா திரும்பி வந்துச்சுன்னா இந்த மேசைய எடுத்துப்போடறேன் அம்மணி. பெங்களூர்ல ரெடிமேடா வாங்கிக்கலாம்" என்றார். மேசை போனால் நாங்கள் இருவரும் போனோம்.

எங்களுக்கு ஒரு நினைப்பு, எவ்வளவு பலமாக அமுக்குகிறோமோ அவ்வளவு உறுதி என்று. நான் ஸ்டூலில் ஏறி நின்றெல்லாம் அமுக்கியிருக்கிறேன்! சாந்தாமணி கருமத்தம்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண். பிய்ந்த பட்டனைப் பிரித்துப் பார்த்தவள் துள்ளி எழுந்தாள். "துணி நைஞ்சு போகல புள்ள, நாமதான் அமுக்கி அமுக்கி வெட்டிப்போட்டோம்!" தகர விளிம்பு பட்ட இடத்தில் வட்டமாக அறுந்திருந்தது.

மறுநாள் வீட்டுத் தறியிலிருந்து மெல்லிய காடாத் துணி கொண்டுவந்தாள். அதை வெல்வெட்டுக்கு அடியில் கொடுத்தோம். மடிகிற ஓரம் தடிக்காமல் இருக்க, அங்கே மட்டும் வெல்வெட் ரோமத்தைச் சிரைத்தோம். இதமாக ஒரே அமுக்கு. பட்டனில் நைலான் கயிறு கட்டி, தண்ணீர் நிரம்பிய வாளியைத் தொங்கவிட்டாள். கயிறு அறுந்து என் சேலையெல்லாம் தண்ணீர். பட்டன் அப்படியே இருந்தது! நான் ஈரச் சேலையோடு குதித்தேன்.

புதுப் பட்டனோடு சோபா மண்டபத்துக்குத் திரும்பிப் போனது. ஆனால் வாளி வேறு, கல்யாணம் வேறு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் போட்டோவுக்குச் சொந்தங்கள் நிற்க மாட்டார்கள், பொண்ணு மாப்பிள்ளை பக்கத்திலேயே நெருக்கி உட்காருவார்கள். எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் முகூர்த்தத்துக்கே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அழைக்காத கல்யாணத்துக்குப் போய் வரிசையில் நின்றோம். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, பின்னால் கையை விட்டுப் பட்டனைத் தடவி எண்ணினோம்.

கீழே இறங்கியதும் ஓர் அம்மா பிடித்துக்கொண்டார். "ஏனுங் அம்மணி, நீங்க பொண்ணு ஊட்டுச் சொந்தமா, மாப்பிள்ளை ஊட்டுச் சொந்தமா?"

நான் வாசல் பக்கம் நழுவப் பார்த்தேன். சாந்தாமணி அசரவில்லை. "சோபா ஊட்டுச் சொந்தமுங்க. ஒரு பட்டன்கூடப் போகலீங்க!"

விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். அன்று தின்ற மைசூர்பாகுக்கு ஈடாக இன்னொன்று நான் தின்றதில்லை.

மேசை தப்பியது. அடுத்த தை மாதம் அதே மண்டபத்தில், அதே சோபாவில் சாந்தாமணி பொண்ணாக உட்கார்ந்தாள், மாப்பிள்ளைக்கு ஊர் காங்கேயம். போட்டோவுக்காக அவள் பக்கத்தில் உட்கார்ந்த என் கை பழக்கதோஷத்தில் பின்னால் போனது. அவள் அதை அங்கேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணாத புள்ள. அழுதுபோடுவேன்."

இப்போது அந்த மண்டபம் கார் ஷோரூம் ஆகிவிட்டது. கம்பெனியும் இல்லை. அதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அந்தக் கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அவ்வளவு ஆட்டம் போட்டுக் காப்பாற்றிய மேசை அங்கேயேதான் இருந்தது. காலியாகக் கிடந்த எதிர் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு பட்டன்கூட என்னால் அமுக்க முடியவில்லை.