பறக்காத கூன்வண்டு பறந்த கதை

அருங்காட்சியகத்தில் பூச்சி ஒட்டுகிற வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், தும்மல் வந்தால்கூட எழுந்து வெளியே போய்த்தான் தும்ம வேண்டும். செத்த வண்டுக்குக் கால் விரித்து, அட்டையில் ஒட்டிப் பெட்டியில் வைக்கிறேன். இதுவும் ஒரு தொழில் என்று யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை.

குசினி

வுப்பர்டாலில் ஒரு பிறந்தநாள் விழா. பக்கத்தில் இருந்த அக்கா என்ன வேலை என்று கேட்டார். மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தது, உருப்பெருக்கி, மெல்லிய இடுக்கி, எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொன்னேன். கேக்கை மென்றபடி தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப எங்கட குசினிக்கும் ஒருக்கா வந்து மருந்தடிச்சு விடுங்கோவன்."

அரிசி டப்பா

போன வருடம் பசிபிக் பக்கத்துத் தீவொன்றிலிருந்து ஒரு கூன்வண்டு வந்தது. எள்ளளவுதான். முதுகு ஓடு இரண்டும் ஒன்றாக ஒட்டிப் போனதால் பறக்காது. ஒரே ஒரு மலையில்தான் இருக்கிறது, அடுத்த மலைக்குப் போக வழியில்லை. புது இனம். பெயர் வைக்க இந்த ஒன்றுதான் எங்களிடம் உண்டு. இது தொலைந்தால் இப்படி ஒரு உயிர் இருந்ததற்கே சாட்சி இல்லை.

பார்வையாளர் நாளில் அதை உருப்பெருக்கியில் காட்டினேன். டுசல்டோர்ஃபிலிருந்து வந்த சென்னைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். "இது எங்க அரிசி டப்பாலயே நிறைய இருக்குங்க, இதுக்கா டிக்கெட் வாங்குனோம்?"

யன்னல்

அதை ஒட்டுவதற்காக மேசையில் எடுத்து வைத்த காலை, கூட வேலை செய்யும் மார்ட்டினா உள்ளே வந்தார். பனி கொட்டினாலும் யன்னலை அகலத் திறந்து காற்று மாற்றாவிட்டால் இந்த நாட்டவருக்கு விசர் பிடித்துவிடும். யன்னலைத் திறக்க வேண்டாம் என்று கதவில் எழுதியே ஒட்டியிருக்கிறேன். திறந்தார். வண்டைக் காணவில்லை. வந்த கோபத்தில் தமிழில் ஏசினேன், அவருக்கு விளங்காதது என் நல்ல காலம். டோர்ச்சோடு நிலமெல்லாம் தவழ்ந்து தேடுகிறேன், அவர் மேலே நின்று கேட்கிறார்: "இது பறக்காது என்றுதானே சொன்னீர்கள்?"

ஐந்து கால்

பின்னேரம் ஹீட்டருக்கடியில் கிடைத்தது. ஒரு கால் இல்லை. நிலத்திலேயே இருந்து அழுதேன்.

இன்னொன்று அனுப்பச் சொல்லி, அதைப் பிடித்து அனுப்பியவருக்கு எழுதினோம். சுரங்கத்துக்காக மலையையே வெட்டிவிட்டார்கள், காடு இல்லை என்று பதில் வந்தது. அதை அச்சடித்து அருங்காட்சியகத்தில் எங்கள் பகுதித் தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியென்றால் நம்மிடம் இருப்பதற்கு இன்னும் மதிப்பு."

செத்த வண்டைத் தொலைக்காமல் பார்க்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். உயிரோடிருந்த வண்டுகளைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் தந்ததாகத் தெரியவில்லை.