முதல் நாள் பாடம்

நாலு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்ததால் அவளுக்குக் குட்டி என்று பெயர் விழுந்தது. முப்பத்தைந்து தாண்டி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அது உதிரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்தவர்கள் 'குட்டியக்கா' என்றார்கள். குட்டி எப்படி அக்கா ஆனாள் என்று யாரும் யோசித்ததில்லை.

சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. துவைத்து மடித்த விரிப்புகளை லிஃப்டில்தான் மேலே அனுப்ப வேண்டும். லிஃப்ட் நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துக்கொள்ளும். படுத்துவிட்ட நாட்களில் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏற வேண்டியதுதான். மெக்கானிக் வந்தால் மற்றவர்கள் அப்பாடா என்று உட்கார்ந்துவிடுவார்கள். குட்டி மட்டும் திறந்த கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள்.

"என்ன பாக்குறீங்க?" என்று ஒரு தடவை அவர் கேட்டார்.

"இவ்வளவு நாளா இதுல போய் வந்துட்டிருக்கேன். மேல என்ன இருக்குன்னு தெரியாது."

அவர் டார்ச் அடித்துக் காட்டினார். இரும்புக் கயிறுகள், சுவரோரம் தொங்கிய கனமான எடைகள், கூரைக்குப் பக்கத்தில் மோட்டார். குட்டிக்கு அது பிடித்துப்போயிற்று. ஏன் என்று பிறகு அக்கா கேட்டபோது அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கிடம் தொழில் பழகும் அப்ரண்டிஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். பரீட்சை எழுதினாள், தேறினாள். "அடுத்த மாசம் பாதுகாப்பு வகுப்பு. அது முடிச்சாத்தான் எந்தக் கம்பெனியும் உங்களை லிஃப்ட் ஏறி இறங்குற குழிக்குள்ள விடும்" என்று பயிற்சி அலுவலகத்தில் சொன்னார்கள். குட்டி சலவைக்கூடத்து வேலையை விட்டாள். அவசரப்பட்டுவிட்டாள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் வகுப்பு நடக்கவில்லை. பயிற்சிக்கென்று இருந்தது ஒரே ஒரு லிஃப்ட் குழி, சொல்லிக்கொடுப்பவரும் ஒருவர்தான். அவருக்கு முட்டியில் ஆபரேஷன். அவர் எழுந்து நடமாட ஆரம்பித்தபோது பயிற்சிக்கூடத்தின் கூரை ஒழுகியது. கூரையை அடைத்த பிறகு ஆள் போதவில்லை என்றார்கள். அப்புறம் ஆள் அதிகமாகிவிட்டது என்றார்கள். பழைய வேலைக்குத் திரும்பலாம் என்றால் அங்கே வேறு ஒருத்தி வந்துவிட்டாள். குட்டி ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி மடிக்கப் போனாள்.

அவள் குடியிருந்தது அக்கா வீட்டில். அத்தான் டாக்ஸி ஓட்டுபவர், வாய் சும்மா இருக்காது. சாப்பிட உட்காரும்போதெல்லாம், "என்ன குட்டி, லிஃப்ட் இன்னும் கீழேயே நிக்குதா?" என்பார். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒரு நாள் எரிந்து விழுந்தாள். இன்னொரு நாள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய் அழுதாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவர் கேட்பார், இவள் தண்ணீர் ஜாடியை அவர் பக்கம் நகர்த்துவாள். கடைசியில் அவரே கேட்பதை விட்டுவிட்டார்.

வாரம் ஒரு முறை பயிற்சி அலுவலகத்துக்குப் போய் விசாரிப்பது மட்டும் நிற்கவில்லை. வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. அங்கேதான் சுருட்டை பழக்கமானான். முடியைப் பார்த்து பெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். வெல்டிங் பட்டறையில் எடுபிடியாக இருந்தவன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குட்டிக்கு முன்பே தேறி, அவளைவிட அதிக நாள் காத்துக்கிடந்தவன்.

"இதுல உக்காந்து உக்காந்து பெஞ்சு அப்ரண்டிஸ் முடிச்சிட்டேன்க்கா. அடுத்து நாற்காலிக்கு அனுப்புவாங்கன்னு நினைக்கிறேன்" என்பான். அந்த வராந்தாவில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது அவனால்தான்.

ஒரு நாள் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு கான்ட்ராக்டர் ஆள் எடுக்கிறார்க்கா. வகுப்பு முடிச்சிருக்கியான்னெல்லாம் கேக்கல. நான் போறேன்."

"குழிக்குள்ள இறங்கணுமா தம்பி?"

"சும்மா கூட நிக்கிற வேலைதான். பாத்துப் பாத்துப் பழகிக்கலாம். உங்களுக்கும் சொல்லி வைக்கவா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். உண்மையில் அவள் யோசிக்கவில்லை. அந்த நாட்களில் எதையும் யோசிக்க அவளால் முடியவில்லை.

அதற்குப் பிறகு பெஞ்சில் சுருட்டை இல்லை. சில வாரம் கழித்து, பெட்டி மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத குரல்.

"லிஃப்ட் வேலைக்கு உங்க நம்பரை ஒருத்தர் குடுத்திருந்தார். சுருட்டை முடிக்காரத் தம்பி. இப்ப ஒரு இடம் காலியா இருக்கு, நாளைக்கே வர முடியுமா?"

"அந்தத் தம்பியும் அங்கதானே இருக்கார்?"

"அவர் இடம்தாங்க காலி. முந்தாநாள் ஒரு விபத்து."

"அடியா?"

"இல்லைங்க. ஆள் இல்லை."

குட்டி போனை வைத்துவிட்டுக் கையில் இருந்த பெட்டியை மடித்தாள். அடுத்ததை எடுத்து அதையும் மடித்தாள். சாயங்கால மணி அடிக்கும்வரை ஒரு பெட்டியும் கோணவில்லை.

அவன் வீட்டுக்குப் போனாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. அவன் மனைவி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பெட்டியின் மேல் ஏறி நின்று சுருட்டை துடைத்துக்கொண்டிருக்கிறான். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து வேறொருவர் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார். லிஃப்ட் அவனோடு கூரைவரை மேலே போய்விட்டது. கேட்டபோது குட்டிக்குக் கண் நனையவில்லை. ஆட்கள் கலைந்ததும் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு வந்தாள். அன்று குளிக்கும்போது அழுதுவிடலாம் என்று பார்த்தாள். தண்ணீர்தான் ஓடியது.

மறுநாள் பயிற்சி அலுவலகத்துக்குப் போனாள். பெஞ்சில் உட்காராமல் நேரே அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள். அந்த அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். கத்துபவர்களைப் பார்த்துப் பழகியவர், ஆள் உள்ளே வரும்போதே பதில் தயாராக இருக்கும். குட்டி கத்தவில்லை. பெட்டி மடித்த அதே நிதானத்தில் நடந்ததைச் சொன்னாள்.

"அவர் இடத்துக்கு என்னைக் கூப்பிடுறாங்க மேடம். போகவா, இருக்கவா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அதிகாரி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பாதிப் பேர் வேற வேலைக்குப் போயிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"போனோம் மேடம். அவரும் போனார்."

அவர் பயிற்சி ஆசிரியரைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"குழி இல்லாம எவ்வளவு பாடம் நடத்தலாம் சார்?"

"பாதிக்கு மேல நடத்தலாம். ஒரு ரூமும் நாற்காலியும் போதும். குழிக்கு ரெண்டு ரெண்டு பேரா அப்புறம் அனுப்பிக்கலாம். இதை நான் ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கேன்."

"எங்கிட்டயா?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட. அப்புறம் அலுத்துப்போய் விட்டுட்டேன்."

அந்த மாதமே வகுப்பு ஆரம்பித்தது. முட்டி இன்னும் முழுசாகச் சரியாகாததால் ஆசிரியர் உட்கார்ந்தபடியே பேசினார். முதலில் பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்துக் காட்டினார்.

"குழிக்குள்ள போறதுக்கு முன்னாடி மெயினை அணைக்கணும். அணைச்சிட்டு அதுல உங்க பூட்டைப் போடணும். சாவி உங்க சட்டைப் பையில. பக்கத்துல நிக்கிறவன்கிட்டயும் குடுக்கக்கூடாது, முதலாளி கேட்டாலும் குடுக்கக்கூடாது. நீங்க வெளிய வந்து உங்க கையால திறக்கிற வரைக்கும் யாராலயும் சுவிட்சைப் போட முடியாது."

எல்லாரும் ஒருவர் மாற்றி ஒருவர் பூட்டிப் பார்த்தார்கள். குட்டியும் பூட்டினாள், திறந்தாள். அதற்குள் டீ இடைவேளை வந்துவிட்டது. மற்றவர்கள் எழுந்து போனார்கள், அவள் போகவில்லை.

"இவ்வளவுதானா சார்?"

"எதும்மா?"

"இந்தப் பூட்டுப் பாடம்."

"இவ்வளவுதான். ஏன், புரியலையா?"

"புரிஞ்சுது. இதுக்குத்தான் அவ்வளவு நாள் உக்காந்திருந்தோம்" என்றாள்.

ஆசிரியருக்குச் சுருட்டையின் விஷயம் தெரியும்.

"மிச்சப் பாடமெல்லாம் எப்ப வேணா நடத்துங்க சார்" என்றாள் குட்டி. "ஒருத்தரை எடுத்தாச்சுன்னா, அந்த வாரமே கூப்பிட்டு இதை மட்டும் சொல்லிக்குடுத்துடுங்க."

"ஒரு பாடத்துக்கெல்லாம் சான்றிதழ் தர முடியாதேம்மா."

"சான்றிதழ் யாரு கேட்டா?"

அதிகாரி முதலில் தயங்கினார். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் அதை நம்பியே ஆட்கள் குழிக்குள் இறங்கிவிடுவார்கள் என்றார். "சொல்லாட்டியும் இறங்குறாங்க மேடம்" என்றாள் குட்டி. அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. தேறியவர்களை அந்த வாரமே ஒரு காலைப்பொழுது கூப்பிடும் வழக்கம் அப்படித்தான் வந்தது. கொஞ்ச நாளில் இன்னொரு ஆசிரியரைப் போட்டார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சாயங்கால வகுப்பு ஒன்றும் வந்தது. அதில் பெண்கள் அதிகமாகச் சேர்ந்தார்கள். வராந்தாவில் ஆள் குறைந்தது.

குட்டி ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, பயிற்சிக் காலம் முடித்து, மெக்கானிக் ஆனாள். முடித்த அன்று அக்கா தடபுடலாகச் சமைத்திருந்தாள். அத்தான் லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அவள் தட்டில் சோற்றை அள்ளி வைத்தார்.

"இப்ப சந்தோஷம்தானே குட்டி?"

அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள்.

"தெரியல அத்தான். பசிக்குது."

அக்கா சிரித்தாள். பசி வந்துவிட்டதே, மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும் என்று நினைத்திருப்பாள்.

இப்போது எங்கே லிஃப்ட் நின்றாலும் குட்டிக்குப் போன் வருகிறது. சமீபத்தில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் காலையெல்லாம் நின்று மோட்டாரைச் சரிசெய்தாள். ஓட ஆரம்பித்ததுதான் தாமதம், அந்த மாடியில் காத்திருந்தவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். பெட்டி நிறைந்துவிட்டது. ஒரு பெரியவர், "வாங்கம்மா, ஒருத்தருக்கு இடம் இருக்கும்" என்று நகர்ந்து பார்த்தார், நகர முடியவில்லை.

"நீங்க போங்க" என்றாள் குட்டி. கதவு மூடி, சத்தமில்லாமல் இறங்குகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள்.