வாளியோடு வந்த வைன்கார மதாம்

பாரிஸ் லாச்சப்பலில் கண்ணாடிப் பெட்டிக்குள் லைட் போட்டு மீன் ரோல்ஸ் அடுக்கிய முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்... கோப்பை கழுவினவன்... இன்றைக்கு ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் நாற்பது கதிரை போட்ட சாப்பாட்டுக் கடைக்கு முதலாளி! வாசலில் 'துப்பக் கூடாது' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் போர்ட் மாட்டியவனும் நான்தான். வெற்றிலை போட்டுத் துப்புகிறவர்களோடு இருபது வருடச் சண்டை. வென்றது யார்? சொல்ல வேணுமா?

அப்பேர்ப்பட்ட கடைக்குள்தான் போன கிழமை ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வாளியோடு வந்தார்.

வைன் வியாபாரி. எரிமலைத் தீவுகளின் வைன் மட்டும்தான் விற்பாராம். தன் வாடிக்கையாளர்களுக்கு விருந்து வைக்க ஒரு கடை தேடுகிறார். என் மகள் நிரூஜா ஆறு மாதம் அவர் பின்னால் திரிந்து இந்த ஒரு மத்தியானத்தைப் பிடித்திருந்தாள்.

"அப்பா, இது சரிவந்தால் எங்கடை கடை எங்கையோ போயிடும். நீங்கள் மட்டும் வாயைத் திறக்காதேங்கோ."

திறக்கவில்லையே!

மதாம் ஆறு போத்தலை அடுக்கினார். சந்தோரினித் தீவில் காற்று பலமாம். அதனால் கொடியைக் கூடை மாதிரி நிலத்திலேயே சுற்றி வளர்ப்பார்களாம். அந்தத் திராட்சைக்குப் பேர் அசிர்திக்கோ. லான்சரோத்தேத் தீவில் கறுப்புச் சாம்பலில் குழி தோண்டி, கொடிக்குக் கொடி கல்மதில் — அது மல்வாசியா. சாம்பல் பயிருக்கு நல்லதென்று சொல்ல மதாம் வேணுமா? பயித்தங்கொடிக்கு அடுப்புச் சாம்பல் போடாத யாழ்ப்பாணத்தான் உண்டா?

முதல் கிளாஸில் ஒரு வாய் எடுத்தார். கொப்பளித்தார். பிறகு... வாளிக்குள் துப்பினார்!

என் கடையில். என் போர்டுக்கு நேரே.

அவர் அடுத்த போத்தலைத் திறக்கத் திரும்பியதுதான் தாமதம், வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். நண்டுக்கறி வைத்துக்கொண்டிருந்த குகன் பதறினான்.

"என்னண்ணை இது?"

"மனிசி துப்புதடா."

"வைன் ருசி பாக்கிறவை அப்பிடித்தானண்ணை!"

"வேறை கடையிலை போய்ப் பாக்கட்டும்."

வெளியே வந்தால், மதாம் வாய் நிறைய மல்வாசியாவோடு இடமும் வலமும் பார்க்கிறார். கன்னம் இரண்டும் பேக்கரிப் பணிஸ் மாதிரி உப்பிப்போய். நிரூஜா மேசைக்குக் கீழே வாளியைத் தேடுகிறாள். நான் வாயைத் திறக்காமல் போர்டைக் காட்டினேன். மதாம் வாசித்தார்... விழுங்கினார்.

நண்டு வந்தது. மிச்ச வைனெல்லாம் வயிற்றுக்குள்தான். மூன்றாவது போத்தலில் கோட்டைக் கழற்றினார். ஐந்தாவதில் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு நண்டுக்காலைக் கையால் உடைத்தார். பிறகு முதல் போத்தலுக்கே திரும்பினார். அசிர்திக்கோவையும் விழுங்கி, கறியையும் விழுங்கி, கண்ணில் தண்ணீரோடு என் கையைப் பிடித்தார். நிரூஜா மொழிபெயர்த்தாள்: "இந்த வைனுக்கு ஏத்த சாப்பாட்டை இவ்வளவு காலமும் தேடினாவாம். இப்பதான் கிடைச்சுதாம்!"

எப்படிக் கிடைக்கும்? துப்பிக்கொண்டே இருந்தால் எது பிடிபடும்?

விருந்து எங்கள் கடைக்குத்தான் கிடைத்தது. நேற்று நிரூஜா மெனு அட்டையைக் காட்டினாள். சமையல் குகன். வைன் மதாம். ஏற்பாடு நிரூஜா.

"என்ரை பேர் எங்கை, பிள்ளை?"

"நீங்கள் என்னப்பா செய்தனீங்கள்?"

கேட்டீர்களா கதையை? அட்டை அச்சுக்குப் போகமுதல் கடைசியில் ஒரு வரி ஏற வேணும், அதுவும் பெரிய எழுத்தில்: 'வாளியை எடுத்தவர் — முதலாளி.'