வீரகேரளம்புதூர் பொத்தையில் நாற்பது குழிகள்

நடந்ததெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். இசக்கி அந்தச் செடிகளுக்கு நம்பர் கட்டிய முதல் நாளே, "இதெல்லாம் இங்கே நிலைக்காது" என்று என் வாயால் சொன்னேன். சாட்சி வேண்டுமென்றால் என் வீட்டுக்காரியைக் கேளுங்கள். அப்படி எதுவும் சொல்லவில்லை என்பாள். அவளுக்கு ஞாபகசக்தி கம்மி.

என் பயணப் பதிவுப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக: நான் குத்துக்கல்வலசைக்காரன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் எனக்குக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை. முப்பது வருடம் குற்றால சீசனுக்கு வேன் ஓட்டினேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே, சாரல் வாசத்தை வைத்து, ஐந்தருவியில் எத்தனை கிளையில் தண்ணீர் விழுகிறது என்று சொல்லுவேன். இசக்கியம்மாள் என் அக்கா மகள். பெங்களூரில் செடி ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானி. மூன்று வருட வேலையின் கடைசி அளவை எடுக்க இந்த ஆனி மாதம் வந்தாள். அது முடிந்தால் கட்டுரை, கட்டுரை வந்தால் வேலை நிரந்தரம். அதற்காகத்தான் இந்த இரண்டு நாள் பயணம்.

அவள் ஆராய்வது கள்ளிமுளையானை. இலை கிடையாது. விரல் தண்டி, நாலு பட்டையாக, முள்மரத்து நிழலில் பாறை இடுக்கில் நிற்கும். ஆடு மேய்ப்பவர்கள் ஒடித்துத் தின்பார்கள், சிலர் துவையல் அரைப்பார்கள். மற்றச் செடிகள் பகலில் தோலில் இருக்கும் சின்னச் சின்ன வாயைத் திறந்து காற்றை இழுக்கும். அந்த வாய் வழியாகவே உள்ளே இருக்கிற தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். கள்ளிமுளையான் அப்படி ஏமாறாது. பகலெல்லாம் மூடிக்கொண்டு இருக்கும். இருட்டி, வெக்கை அடங்கியதும் திறந்து, காற்றை வாங்கிப் புளிப்பாக மாற்றி உள்ளே வைத்துக்கொள்ளும். விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு அந்தப் புளிப்பை எடுத்து வெயிலில் சமைக்கும். அதனால் விடியற்காலையில் கடித்தால் புளிக்கும், சாயங்காலம் கடித்தால் சப்பென்று இருக்கும். இதை இசக்கிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று சில இடங்களில் சொல்லியிருக்கிறேன். அது கொஞ்சம் கூடுதல்.

அவளுடைய கேள்வி எளிது. சாரலில் நனைகிற குற்றாலத்துச் செடியும், கிழக்கே காய்ந்து கிடக்கும் வீரகேரளம்புதூர்ப் பக்கத்துச் செடியும் தண்ணீரில் ஒரே மாதிரி சிக்கனம் பிடிக்குமா? அங்கே ஒரு பொத்தையில், அதாவது சின்னப் பாறைக் குன்றில், நாற்பது செடி. குற்றாலப் பக்கம் ஒரு பாறையில் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் அலுமினியத் தகட்டில் நம்பர். அதே செடியை மூன்று வருடம் அளந்தால்தான் அளவு செல்லும். வேறு செடியை வைத்து ஈடுகட்ட முடியாது.

என் பழைய வாசகர்களுக்கு அந்தப் பொத்தை தெரியும். "சர்க்கரையைக் கரைக்கும் பொத்தைக் கள்ளி" என்று நான் எழுதிய பதிவை ஒன்பதாயிரம் பேர் படித்தார்கள். சரி, தொள்ளாயிரம். வழி எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது: எந்தப் பாலம் தாண்ட வேண்டும், எந்த வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்த வேண்டும், அங்கிருந்து எத்தனை எட்டு. எல்லாம் போட்டிருந்தேன். இசக்கி மட்டும் என் பதிவுகளைப் படிப்பதில்லை. நேரமில்லை என்பாள்.

புதன்கிழமை அதிகாலை 4.10க்குக் கிளம்பினோம். வீட்டிலிருந்து பொத்தை அடிவாரம் 24 கிலோமீட்டர். ரோடு நன்றாக இருக்கிறது, ஐம்பது நிமிடம் ஆயிற்று. சூரியன் வருவதற்குள் தண்டில் ஒரு துண்டு வெட்டி, புகை வரும் பிளாஸ்க்கில் போட்டு உறைய வைக்க வேண்டும். பிறகு அதை அரைத்து, ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ரோஸ் நிறம் வருவதற்கு எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணினால் புளிப்பின் அளவு தெரிந்துவிடும். இசக்கி டார்ச்சோடு முன்னால் ஏறினாள்.

"மாமா, ஒண்ணாம் நம்பரக் காணும்."

"ஆடு தின்னுருக்கும். ரெண்ட பாருட்டி."

"ரெண்டும் இல்ல. மூணும் இல்ல."

அவள் டார்ச்சை அடித்தபடி மேலே ஏறிக்கொண்டே போனாள். வெளிச்சம் வந்தபோது பார்த்தோம். செடி நின்ற இடமெல்லாம் குழி. கடப்பாரையால் கிண்டி வேரோடு எடுத்திருந்தார்கள். தகடுகளை மட்டும் கழற்றி ஒரு கல்லின்மேல் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். இசக்கி உட்கார்ந்து எண்ணினாள். முப்பத்தெட்டு இருந்தன. பிளாஸ்க் அவள் பக்கத்தில் புகைந்துகொண்டே இருந்தது.

ஆறரை மணிக்கு மாடத்தி என்கிற அம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"என்னத்தத் தேடுதிய?"

"இங்கன நின்ன கள்ளிமுளையான்க்கா," என்றாள் இசக்கி.

"அது போயி ஒரு மாசம் இருக்கும் தாயி. வேன் போட்டுல்லா வந்தாவ! கையில போன வச்சுக்கிட்டு, இந்தப் பாலம், இந்த வேப்பமரம்னு பாத்துப் பாத்து ஏறுனாவ. வேரோட பறிக்காதியன்னு சொன்னேன். ஒனக்குச் சுகர் இருக்கான்னு கேட்டாவ. இல்லன்னேன். அப்பச் சும்மா இருன்னுட்டாவ."

இப்படிச் சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து நீட்டினார். "எம் மருமவனும் அனுப்பியிருந்தான். இந்தா, இதான். அண்ணாச்சி, இதுல இருக்கது நீங்கல்லா? சட்டகூட இதேதான்."

அது நான்தான். சட்டையும் அதேதான். பொத்தையில் நான் இடுப்பில் கைவைத்து நிற்கிற படம், பக்கத்தில் குனிந்து செடியை அளக்கிற இசக்கி. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எனக்குப் பக்கத்து மரத்தில் ஏதோ பறவை இருக்கிற மாதிரித் தோன்றியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, 'தினம் ஒரு விரல் நீளம் தின்றால் சர்க்கரை கரையும் என்று விஞ்ஞானி இசக்கியம்மாளே என்னிடம் சொன்னார்'னு போட்டிருக்கிய. நான் எப்பச் சொன்னேன்?"

"போன வருசம் புளியறையில டீ குடிச்சோம்லாட்டி. மலைக்கு அங்கிட்டும் இந்தச் செடி இருக்கான்னு பாக்கப் போனோமே. வரிசையா லாரி நின்னுச்சுல்லா? அப்பச் சொன்ன."

"அன்னிக்கா? அன்னிக்குக் காய்ச்சல்லா எனக்கு."

"அதான் ஒனக்கு ஞாபகம் இல்ல."

அவள் தகடுகளை எடுத்துப் பைக்குள் போட்டாள். பிறகு, "சொல்லியிருப்பேன் போல. எங்கயோ எலிக்குக் குடுத்துப் பாத்தாவன்னு படிச்சத ஒளறியிருப்பேன். சவத்த வாய் எனக்கு," என்றாள். பொத்தை உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஏறி, பெங்களூரில் அவளுக்கு மேலே இருக்கிற பெரிய சாருக்குப் போன் செய்தாள். பாதி இங்கிலீஷ். இருந்தாலும் "மை மிஸ்டேக் சார்" என்பது எனக்கும் புரியும். மூன்று தடவை சொன்னாள்.

மறுநாள் வியாழக்கிழமை குற்றாலப் பக்கத்துப் பாறைக்குப் போனோம். அந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று எழுத மாட்டேன். என் பதிவுகளில் முதல் தடவையாக ஒரு கிலோமீட்டர் விடுபட்டிருக்கிறது, மன்னிக்கவும். இங்கே நாற்பதும் பத்திரமாக நின்றன. சாரலில் நனைந்து தளதளவென்று இருந்தன. இனி இதை மட்டும் அளந்து பயனில்லை என்று தெரிந்தும் இசக்கி நாற்பதையும் அளந்தாள். ஓரமாக நின்ற நம்பரில்லாத செடியில் ஒரு துண்டு ஒடித்து என்னிடம் கொடுத்தாள்.

"கடிச்சுப் பாருங்க மாமா."

"புளிப்பே காணுமே. விடியக்காலம்லா?"

"தண்ணி கெடைக்கிற எடத்துல ராத்திரி வேலைய இது கொறச்சுக்கிடுதுன்னு நெனைக்கேன். நாக்கு சொன்னாப் போதாது, அளந்து காட்டணும். அங்கன உள்ளதும் இங்கன உள்ளதும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் பேச்சு. அங்கனதான் ஒண்ணுமில்லியே."

மனசு ஆறட்டும் என்று ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலை எட்டு மணிக்கே நல்ல கூட்டம். ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுந்தது. நான் தென்காசியில் சொன்னது நான்கு. இசக்கி குளிக்கவில்லை, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போது மங்குஸ்தான் விற்கிற வரிசையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்றுவிட்டாள். தாம்பாளத்தில் வாடிப்போன கள்ளிமுளையான், வாழைநாரில் கட்டிய சின்னச் சின்னக் கட்டு. ஒன்றில் அலுமினியத் தகடு தொங்கிக்கொண்டிருந்தது. பதினேழு.

கடைக்காரர் விடவில்லை. "எடுத்துக்கோங்கம்மா. கட்டு அம்பது ரூவா. சுகருக்குக் கைகண்ட மருந்து. நான் சொல்லல, இசக்கியம்மாள்னு ஒரு பெரிய டாக்டர் சொன்னது."

"அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் இசக்கி. ஐம்பது ரூபாயைக் கொடுத்து அந்தக் கட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். வண்டியில் ஏறியதும் தகட்டைக் கழற்றித் துடைத்து, மற்ற முப்பத்தெட்டோடு சேர்த்தாள். நாற்பதாவது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே தென்காசி ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். மதுரை போய் அங்கிருந்து பெங்களூர். ஜன்னல் வழியாக, "இனிமே ஆராய்ச்சி பத்தி யார்கிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன் மாமா. ஒங்க மேல வருத்தமில்ல. நீங்க கேட்டதத்தான எழுதுனிய," என்றாள். வழக்கமாக நான் ரயில் கிளம்பும்வரை பேசிக்கொண்டே இருப்பேன். அன்று தண்ணீர் பாட்டில் வாங்கிவருகிறேன் என்று போய், ரயில் போன பிறகுதான் திரும்பி வந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆனி, ஆடி இரண்டு மாதமும் சாரலுக்கு நல்ல காலம். தென்காசியிலிருந்து குற்றாலம் 6 கிலோமீட்டர். பஸ் அடிக்கடி உண்டு. ஐந்தருவிக்கு ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வார நாளில் போவது உத்தமம். வீரகேரளம்புதூர்ப் பொத்தைக்குப் போக வேண்டாம். அங்கே குழிதான் இருக்கிறது. கள்ளிமுளையானை எங்கே பார்த்தாலும் விட்டுவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். என் பழைய பதிவை எடுத்துவிட்டேன். யார் போனிலாவது அந்தப் படம் வந்தால் அழித்துவிடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நேரம் இருந்தால் செங்கோட்டை தாண்டிப் புளியறை வரை போகலாம், தென்காசியிலிருந்து 15 கிலோமீட்டர். சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் இடது கைப்பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது. இஞ்சி டீ பதினைந்து ரூபாய், நன்றாக இருக்கும். போன வருடம் அங்கே இசக்கி பாதி டீ குடித்தாள், காய்ச்சல் மாத்திரை ஒன்று போட்டாள், வண்டிக்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். குத்துக்கல்வலசை வரும்வரை எழுந்திருக்கவில்லை. சர்க்கரையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கேயும் சொல்லவில்லை, எங்கேயும் சொல்லவில்லை. சும்மா கள்ளி என்று எழுதினால் யார் படிப்பார்கள் என்று அந்த வரியை நானே கட்டிவிட்டேன். பொத்தையில் அவள் கேட்டபோது இரண்டாவது தடவையும் கட்டினேன்.

இசக்கி, இந்தப் பதிவை உனக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். உன் பெரிய சாருக்குத் தமிழ் தெரியாது என்றால், யாரையாவது வைத்துப் படித்துக்காட்டச் சொல்.