ஜீப்புக்கு முந்திப் போன சேதி

“ஜீப்பு வர்ற அன்னிக்குத்தானுங்க எல்லாத்துக்கும் இந்த அத்தாயி ஞாபகம் வருது. மத்த நாள்ல நான் இருக்கறனா செத்தனான்னு கேக்க ஆளில்லீங்க.”

சொல்லிக்கொண்டே வேகவைத்த கடலையை உழக்கால் அள்ளி, மந்தார இலையில் கொட்டி மடித்துவிடுவார். குப்பனூரில் பஸ் நிற்பது இரண்டே நிமிடம். அதற்குள் கடலையும் கிடைக்கும், இந்தப் புலம்பலும் கிடைக்கும். சேலத்தில் சாமான் வாங்கிக்கொண்டு ஏற்காட்டுக்குத் திரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டும் பழகிப்போனவை.

அத்தாயிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மலையில்தான். கணவர் சின்னன் எஸ்டேட்டில் காப்பி மூட்டை தூக்கியவர். முட்டி வலி வந்ததும் இருவரும் அடிவாரத்துக்கு இறங்கி, ரோட்டோரம் தகரம் போட்டுக் கடை வைத்தார்கள். பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. முன்னால் கடலை, கொய்யா, பிஞ்சு வெள்ளரி. கடலைப் பானையின் வாயில் எப்போதும் வெளுத்த துணி கட்டியிருக்கும். மேலாக இருக்கும் கடலையில் ஈ உட்கார்ந்துவிட்டால் ஒரு கை அள்ளித் தூர எறிந்துவிடுவார். என் சமையற்கட்டே அவ்வளவு சுத்தமில்லை.

அரசாங்கத்துக்குத் தெரியாத வேலை ஒன்றும் அவருக்கு இருந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் ஜீப் சேலத்திலிருந்து மலையேறினால், மேலே உள்ள கடைக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்வது. ஏற்காட்டுக்குப் போகும் பெரிய ரோட்டில் இப்படிச் சேதி சொல்ல ஆள் இருக்கிறது என்று தெரிந்துதான் அந்த அதிகாரியம்மா குப்பனூர் வழியைப் பிடித்தார். இங்கே அந்த ஆள் அத்தாயிதான் என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஜீப்பை நிறுத்தி இவரிடமே கடலை வாங்குவார். “பேப்பர்ல மடிக்காதீங்கம்மா, அந்த மை வயித்துக்குள்ள போகும்” என்று அவர் சொன்ன பிறகுதான் அத்தாயி இலைக்கு மாறினார். சொன்ன மறுநாளே மாறினார். கடலையை மடித்துக் கொடுத்து, ஜீப் வளைவு திரும்புகிறவரை பார்த்திருந்து, அப்புறம் இடுப்பிலிருந்து போனை எடுப்பார்.

“கண்ணு, கெளம்பீருச்சு. அந்தம்மாதான்.”

அவ்வளவுதான் பேச்சு. மேலே முக்கால் மணி நேரம் அவகாசம். அதற்குள் சிவப்புச் சாயப்பொடி டப்பா மறையும், நாலு நாள் எண்ணெய் மறையும், தலைக்கு வலைத்தொப்பி எங்கிருந்தோ முளைக்கும். பாதிக் கடைக்காரர்களுக்குக் கடையை மூட அன்றைக்கென்று சொந்தத்தில் காதுகுத்து வந்துவிடும்.

முதலில் இது அண்ணன் மகன் நல்லமுத்துவுக்காக ஆரம்பித்தது. அவன் மேலே ஒரு வளைவில் சில்லி சிக்கன் கடை வைத்திருக்கிறான். பிறகு பக்கத்துக் கடைக்காரன் நம்பர் கேட்டான், அவனிடமிருந்து இன்னொருவன் வாங்கினான். “பாவமுங்க, புள்ளகுட்டிக்காரங்க. அந்தம்மா கொட்டீட்டுப் போனா அன்னிக்கு அவங்க ஊட்ல அடுப்பு எரியாது” என்பார் அத்தாயி. நான் ஒரு தடவை நேராகவே கேட்டேன்: “கெட்டதைக் கொட்டத்தானே வேணும்? நீங்க ஒரு ஈ உக்காந்ததுக்கே அள்ளி எறியறீங்க.”

“அது என்ர கடலைங்க” என்றார்.

போன வருஷம் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சின்னன் மேலே போயிருந்தார். அன்றைக்குக் காலையில் ஜீப்பும் போயிற்று, அதற்கு முந்தி அத்தாயியின் போனும் போயிற்று. நல்லமுத்து மசாலா தடவிய கோழியை டப்பாவோடு தூக்கிப்போய்க் கடைக்குப் பின்னால் காப்பிச் செடிகளுக்குள் வைத்தான். வைக்கும்போது நிழல். நேரமாக ஆக வெயில் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. திருவிழாக் கூட்டம் என்பதால் அதிகாரியம்மா உச்சிப்பொழுது தாண்டியும் மலையிலேயே இருந்தார். ஜீப் இறங்கிய பிறகு டப்பா திரும்பவும் அடுப்பண்டை வந்தது. சின்னன் பசியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாமா வந்திருக்கிறாரே என்று நல்லமுத்து கேட்காமலே இரண்டாவது தட்டும் வைத்தான்.

அன்றைக்கு அந்தக் கடையில் தின்ற மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. சுற்றுலா வருகிறவர்கள் மலையில் தின்றது, ஊருக்குப் போய்த்தான் வேலையைக் காட்டும். எங்கேயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பவன் எந்தக் கடை என்று கண்டான்? அதனால்தான் எங்கள் மலையில் எல்லாக் கடையும் நல்ல கடை.

சின்னனுக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கசாயத்தில் அடங்கிவிடும் என்று இருந்துவிட்டார்கள். சேலத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது மூத்திரம் நின்றுபோயிருந்தது. ஏற்கெனவே சர்க்கரை, சிறுநீரகம் முன்பே தளர்ந்திருக்கும், இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நல்லமுத்து அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவனே சொன்னான்: “நீங்க போன் போட்ட அவசரத்துல செடிக்குள்ள வெச்சனுங்கத்தே. எடுத்ததக் கொட்டியிருக்கோணும். மனசு வல்லீங்க.”

இப்போது வாரத்தில் இரண்டு நாள் சேலத்தில் மிஷின் போட்டுச் சின்னனின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். தண்ணீருக்கு அளவு. காலையில் அத்தாயி ஒரு சின்னச் சொம்பில் பிடித்து வைப்பார், பொழுதுக்கும் அவ்வளவுதான். கொய்யா தின்னக் கூடாது. கடலை தின்னக் கூடாது. வெள்ளரியும் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அந்த மூன்றுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேப்பங்கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். யாருக்காவது வெள்ளரி நறுக்கும்போது மட்டும் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். கால் இரண்டும் வீங்கிப் பளபளக்கின்றன. வாய் மட்டும் பழையபடி இருக்கிறது.

“என்ர பொண்டாட்டி போன் போட்டுப் பக்குவம் பண்ணுன கோழிங்க. யாருக்குக் கெடைக்கும்?” என்று என்னிடம் சிரித்தார்.

அத்தாயி சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி இலை துடைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் யாருக்கும் போன் போடுவதில்லை. பழைய புலம்பலும் இல்லை. அதிகாரியம்மாவிடம் நல்லமுத்துவைப் பற்றி ஒரு சொல் சொன்னதும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“சொன்னா அவன் கடை போயிருமுங்க. ரெண்டும் பொட்டப்புள்ளைங்க. பழையபடி போன் போட்டா இன்னொருத்தி ஊட்ல இந்த மாதர ஒரு ஆளு உக்காந்துக்குவான். எதுக்கு வாயத் தொறக்கறதுன்னு தெரியலீங்க. அதான் மூடிக்கிட்டேன்.”

சேதி இல்லாமல் ஜீப் போன சில தடவை தப்பித்த நல்லமுத்து, ஒன்றரை மாதத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டான். எண்ணெயைக் குழியில் ஊற்றி, கறியின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவி, கடையை ஒரு மாதம் மூட வைத்தார்கள். அவன் பெண்டாட்டி சரண்யா பஸ் பிடித்து இறங்கி வந்தாள். “ஜீப்பப் பாத்தீங்கதானுங்கத்தே? ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்தா போயிரும்?” அத்தாயி தராசைத் துடைத்தபடியே, “உன்ர மாமன் அங்க உக்காந்திருக்காரு. அவருகிட்டக் கேளு சாமி” என்றார். சரண்யா அவரைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள், வந்த வழியே நடந்தாள். “டீ குடிச்சுட்டுப் போ கண்ணு” என்று சின்னன்தான் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

அதோடு மேலேயிருந்து வரத்துப் போக்கு நின்றது. சேலம் மார்க்கெட்டுக்கு இறங்கும் கடைக்காரர்களின் வண்டிகள் முன்பெல்லாம் இங்கே நின்று, ஆளுக்கு இரண்டு பொட்டலம் வாங்கிப் போகும். இப்போது ஹாரன் கூட அடிப்பதில்லை. மத்தியானத்துக்குள் காலியாகும் பானை பொழுது சாய்ந்தும் பாதி நிற்கிறது. மீந்ததை மறுநாள் சூடுபண்ணி விற்கலாமே என்று நானே அபத்தமாக ஒரு யோசனை சொன்னேன். “மாட்டேனுங்க” என்று ஆட்டுக்காரனுக்குக் கொட்டிவிட்டார். இந்தப் பானை காலியானால்தான் சின்னனின் மிஷின் நாட்களுக்குச் சேலம் போய் வர முடியும்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பஸ் அங்கே பஞ்சராகி நின்றது. நான் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஜீப் வந்தது. அதிகாரியம்மா கடலை வாங்கினார். “ஐயா எப்படி இருக்காரு?” என்றார். “இருக்காருங்க” என்றார் அத்தாயி. ஜீப் வளைவு திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. இரண்டு பெண் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் நல்லமுத்துவின் படம் திரையில் வந்தது. கடையைத் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

“எடு புள்ள” என்றார் சின்னன். “பாவம் அவன்.”

அத்தாயி போனைக் கையில் எடுத்தார். இலைக் கட்டைத் தூக்கி அதற்கடியில் வைத்தார். இலைகளுக்கடியில் அது அடித்துக்கொண்டே இருந்தது. அவர் சொம்பை எடுத்து, கணவரின் டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். சத்தம் நிற்கிறவரை சின்னன் அதை நாக்கு நனைத்து நனைத்துக் குடித்தார்.

குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் அங்கே கொஞ்சம் வண்டியை நிறுத்துங்கள். தகரக் கூரை, பானை வாயில் வெள்ளைத் துணி, அடையாளம் தப்பாது. கடலை வாங்குங்கள், அந்த மனிதரிடம் நாலு வார்த்தை பேசுங்கள், பேசக்கூடிய ஆள்தான். தண்ணீர் பாட்டிலை மட்டும் வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள்.