ஃபைலின் அடியில் இருந்த கேள்வி

சேலத்தில் நான் நிருபராக இருந்தபோது எங்கள் செய்திகளைக் கணினியில் தட்டச்சு செய்தவர் ராசிபுரத்துக்காரர். சந்தேகம் வந்தால் ஃபைலின் அடியில் நட்சத்திரக் குறி போட்டுக் கேள்வி எழுதிவைப்பார். பக்கம் அச்சுக்குப் போகுமுன் நாங்கள் திரையில் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

மேட்டூர் அணையில் மீனவர் ஒருவர் மூழ்கி இறந்தார். என் செய்தியில், உயிரோடு இருந்த அவர் தம்பி இறந்ததாக அச்சாகிவிட்டது. "கம்போசிங் தப்பு" என்று பழியைத் தட்டச்சின் மேல் போட்டு ஆசிரியரிடம் சொன்னேன். "கேள்வி போட்டிருந்தேனுங்க" என்று ராசிபுரத்துக்காரர் சொன்னார்; யாரும் ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை. அவர் வேலை போனது.

அலுவலகம் மூடியபோது அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கை நான் வாங்கி வைத்திருந்தேன். போன வாரம்தான், பழைய கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் அதை ஓட்டினேன். விசைப்பலகையைப் பழைய தமிழ்த் தட்டச்சு முறைக்கு மாற்றிய பிறகே மீனவரின் பெயரைத் தேட முடிந்தது. ஃபைலின் அடியில் இருந்தது:

"மொத பாராவுல அண்ணன் பேரு, மூணாவதுல தம்பி பேரு இருக்குதுங்க. செத்தது யாருங்க?"

அன்று திரையைப் பார்க்காமல் டீ குடிக்கப் போயிருந்தேன்.

எமுலேட்டரின் நெட்வொர்க்கைச் சரிசெய்து ஃபைலை வெளியே எடுக்க ஒரு பகல் ஆனது. அதை ராசிபுரத்துக்காரருக்கு அனுப்பிவிட்டு போன் செய்தேன். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"தப்பு என்னுதுதாங்க" என்றேன்.

"அது அன்னைக்கே நம்ம ரெண்டு பேருக்கும் தெரியுமுங்களே" என்றார். "கடையில ஆள் நிக்கறாங்க, போனை வெச்சரட்டுங்களா?"